தண்ணீர் பிடிக்கிற வேலை

"அங்கே என்ன மீன் படுகிறது?" என்று கேட்டார் பெரியப்பா. மீன்வாடிக் கொட்டிலின் நிழலில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார்.

"மீன் பிடிப்பதில்லை, பெரியப்பா. தண்ணீர் பிடிக்கிறோம்."

கையிலிருந்த ஊசி நின்றது. "தண்ணீரா? கடலுக்குப் போயா?"

"ஓம்."

"எவ்வளவு?"

"ஒரு போத்தலுக்குப் பத்து லீற்றர். இருபத்து நான்கு போத்தல்."

மனக்கணக்கில் அவரை வெல்ல முல்லைத்தீவுக் கரையில் ஆளில்லை. "இருநூற்று நாற்பது லீற்றர்" என்றார். "இதற்கு ஒரு கப்பல், அத்தனை பேர், இரண்டு மாதம். முதலாளி யார்? அவன் உருப்படுவானா?"

நான் துருவக் கடல்களில் களப்பணி செய்யும் சமுத்திரவியலாளர். ஊருக்கு வரும்போது இந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருக்கும். கடலில் ஐம்பது வருடம் கிடந்தவர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, கடலைப் படித்தவள் என்று எப்படிச் சொல்வது? அதனால்தான் தண்ணீர் பிடிக்கிறேன் என்று சொல்லிவைத்தேன். யோசித்துப் பார்த்தால் அதைவிடச் சரியான விளக்கமும் இல்லை. பென்குயின், வெண்கரடி, பனிமலைக்கு முன்னால் நின்று எடுத்த படம் எல்லாம் உண்டு. அவை அரைமணி நேரத்துக் கதை. மற்ற நேரமெல்லாம் தண்ணீர் பிடிப்பது, போத்தல் கழுவுவது, காத்திருப்பது.

தமிழில் தண்ணீர் பிடிப்பது என்றால் பலருக்குக் குழாயடி நினைவு வரும். எனக்குத் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டி. 2009இல் எனக்குப் பதினான்கு வயது. போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளத்து முகாமில் விடியமுன் எழுந்து கானைக் கொண்டுபோய் வரிசையில் வைப்பது என் பொறுப்பு. ஆள் நிற்கத் தேவையில்லை, கான் நின்றால் போதும். கான் இல்லாதவர் கல்லை வைப்பார். கல்லுக்கும் மரியாதை இருந்தது. அதை யாராவது காலால் தள்ளிவிட்டால் அன்றைக்குச் சண்டைதான். பவுசர் வந்ததும் முதலில் கானைக் கழுவுவதா, கிடைத்ததைக் குடிக்கப் பிடிப்பதா என்பதில் அம்மாவுக்கும் பக்கத்துக் கூடாரத்து அக்காவுக்கும் தினமும் வாக்குவாதம். அம்மா கழுவுகிற கட்சி. ஒரு கோப்பைத் தண்ணீரை மூன்றாகப் பிரித்து மூன்று தரம் அலசுவார். அலசிய தண்ணீரையும் கொட்டமாட்டார். அது கால் கழுவ. முகாமுக்கு முந்திய மாதங்களைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை.

அப்பா 2000ஆம் ஆண்டிலேயே நோர்வேக்குப் போய்விட்டார். அந்த நாட்டின் வடகோடியில், ஃபின்மார்க் கரையோர மீன் தொழிற்சாலைகளில் எண்பதுகளின் இறுதியிலிருந்தே எங்கள் ஆட்கள் வேலை செய்கிறார்கள். வலை இழுத்த கைகள் அங்கே கொட் மீனைத் துண்டு போட்டன. நானும் அம்மாவும் போய்ச் சேர்ந்தது 2011 ஜனவரி முதல் வாரம். அடிவானத்துக்கு மேலே சூரியன் எட்டிப் பார்க்காத காலம். தெரு உறைந்து கிடந்தது. வாசல் படி, தபால் பெட்டி எல்லாம் உறைந்து கிடந்தன. துறைமுகத்துத் தண்ணீர் மட்டும் உறையாமல் கறுப்பாக அலையடித்துக்கொண்டிருந்தது. படகுகள் அதுபாட்டுக்கு வந்து போயின.

ஏன் என்று அப்பாவைக் கேட்டேன். "உப்புத் தண்ணீர் உறையாது, பிள்ளை" என்றார். பிழை. கடல் நீரும் உறையும், மைனஸ் 1.9 பாகை அளவில். பள்ளிக்கூடத்து ஆசிரியர்தான் சரியான காரணத்தைச் சொன்னார்: அத்திலாந்திக்கிலிருந்து இளஞ்சூட்டு நீரோட்டமொன்று வடக்கே ஏறி வந்து அந்தக் கரையைத் தொட்டுக்கொண்டு போகிறது. 70 பாகை வடக்கில் இருக்கும் அந்தத் துறைமுகத்தை அதுதான் திறந்து வைத்திருக்கிறது. அதே அகலக்கோட்டில் கனடாவின் பக்கம் கடல் மாதக்கணக்காக உறைந்து கிடக்கும். எங்கோ வெயிலில் சூடான தண்ணீர் அப்பாவுக்குச் சம்பளம் கொடுக்கிறது என்பது எனக்குப் பெரிய அதிசயமாகப் பட்டது. அன்று பிடித்த பைத்தியம் பேர்கனில் பட்டம் வரைக்கும் கொண்டுபோய், பிறகு கப்பலிலும் ஏற்றிவிட்டது.

இனி வேலை. ஆளைவிட உயரமான ஓர் உருக்குச் சட்டம். அதைச் சுற்றி வட்டமாகச் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் உருளைகள் நிற்கும். நிஸ்கின் போத்தல் என்பது அவற்றின் பெயர். போத்தல் என்று சொன்னாலும் மேலும் கீழும் வாய் திறந்த குழாய்தான். இரண்டு மூடிகளையும் உள்ளே ஓடும் இறப்பர் பட்டி இழுத்துக்கொண்டே இருக்கும். நாங்கள் அவற்றை நூலால் விரித்துக் கொக்கியில் மாட்டிவைப்போம், எலிப்பொறி வைப்பதைப் போல. சட்டத்தின் அடியில் சி.டி.டி. என்று அழைக்கப்படும் கருவி இருக்கும். தண்ணீரின் மின்கடத்துதிறன், வெப்பநிலை, ஆழம் மூன்றையும் செக்கனுக்கு 24 தடவை அளந்து கம்பி வழியாக மேலே அனுப்பும். மின்கடத்துதிறன் தெரிந்தால் உப்பு எவ்வளவு என்று கணக்கிட்டுவிடலாம்.

நிமிடத்துக்கு அறுபது மீட்டர் வேகத்தில் இறக்குவோம். அந்தாட்டிக்காவின் வெடல் கடலில் ஆழம் 4,500 மீட்டர் என்றால் அடிக்குப் போக ஒன்றேகால் மணித்தியாலம். திரும்பி வர அதைவிட நேரம் எடுக்கும், ஏனென்றால் தண்ணீர் பிடிப்பது மேலே வரும்போதுதான். குறித்த ஆழத்தில் நிறுத்தி, கொஞ்சம் பொறுத்து, கணினியில் பொத்தானை அழுத்தினால் நாலாயிரம் மீட்டர் கீழே மூடி அடித்துக்கொள்ளும். சத்தம் கேட்காது. திரையில் ஒரு கட்டம் நிறம் மாறும், அவ்வளவுதான். என் முறை நள்ளிரவில் தொடங்கி நண்பகலில் முடியும். தெற்கே கோடையில் நள்ளிரவிலும் வெயில் என்பதால் முறை எது என்பது உடம்புக்கு விளங்குவதில்லை. இரவு பன்னிரண்டு மணிக்குக் காலைச் சாப்பாடு; அதற்கு வயிறு பழகவே இல்லை.

சட்டத்தோடு சேர்த்து ஒரு விளையாட்டுப் பொருளையும் கீழே அனுப்புவது எல்லாக் கப்பலிலும் வழக்கம். ரெஜிபோம் (தெர்மோகோல்) கோப்பையில் பேனையால் எதையாவது எழுதி, வலைப்பையில் போட்டுக் கட்டிவிடுவார்கள். நாலாயிரம் மீட்டரில் நானூறு மடங்கு அழுத்தம். உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் அது பிழிந்துவிடும்; கோப்பை சுண்டுவிரல் அளவுக்குச் சுருங்கி, கல்லைப் போலக் கெட்டியாகி வரும். எழுத்தும் சேர்ந்து சுருங்கும். நான் "முல்லைத்தீவு" என்று எழுதி அனுப்பி, அதைப் பெரியப்பாவுக்குப் பரிசாகக் கொண்டுவந்தேன். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துத்தான் வாசிக்கலாம். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே சுண்ணாம்பு போட்டு வெற்றிலைத் தட்டில் வைத்துக்கொண்டார். அளவு அச்சொட்டாக இருக்கிறதாம்.

கப்பலில் எனக்குச் செட்டிகுளம் நினைவு வந்த இடம் வேறு. சட்டம் தளத்துக்கு ஏறியதும் வரிசை தொடங்கிவிடும். பிடித்து வந்த தண்ணீர் எல்லோருக்கும் வேண்டும், ஆனால் கண்டபடி எடுக்க முடியாது. வெளிக்காற்றுப் பட்டால் கெடுகிற சோதனைக்கு முதலிடம். ஆகவே ஒட்சிசன் ஆள் முதலில் வருவார், அவருக்குப் பின்னால் காபனீரொட்சைட்டு ஆள், பிறகு போசணைப் பொருள்களை அளப்பவர், கடைசியில் உப்பு. ஒழுங்கு பார்க்கவென்றே ஒருவர் பலகையும் பென்சிலுமாக நிற்பார். அவரிடம் போத்தல் இலக்கத்தை உரக்கச் சொல்லாமல் குழாயைத் திறக்கக் கூடாது. பேராசிரியராக இருந்தாலும் திட்டு விழும். நான் உப்பு ஆள், எப்போதும் வரிசையின் வாலில். முகாம் வரிசையில் வாலில் நின்றால் தண்ணீர் முடிந்துவிடுமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்த அடிப்பு எனக்கு இன்னும் போகவில்லை. பத்து லீற்றர் போத்தலில் எனக்கு வேண்டியது கால் லீற்றர் அளவுதான், முடியாது என்று தெரியும். ஆனாலும் முன்னால் நிற்பவர் கொஞ்சம் கூடுதலாக வழியவிட்டால் எனக்குக் கோபம் வரும்.

வழியவிடாமலும் முடியாது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒட்சிசன் குடுவையில் ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது. குழாயை அடிவரை விட்டு, குடுவை கொள்வதைப் போல மூன்று மடங்கு வழிந்தோடவிட்டு, உடனே இரண்டு மருந்துகளைச் சேர்த்து மூடிக் குலுக்குவார்கள். அடியில் பழுப்பு மண்டி இறங்கும். லாயோஸ் விங்க்ளர் என்ற ஹங்கேரிய வேதியியலாளர் 1888இல் வெளியிட்ட முறை. கருவிகள் எத்தனையோ வந்துவிட்டன. அவை சரியாக அளக்கின்றனவா என்று பார்க்க இன்றைக்கும் விங்க்ளரிடம்தான் போகிறோம்.

உப்புப் போத்தலுக்கு வேறு மரியாதை. பிடிக்கப்போகும் தண்ணீராலேயே அதை மூன்று தரம் அலச வேண்டும். தோள் வரைக்கும் நிரப்பி, கழுத்தைத் துடைத்து, இறுக்கி மூட வேண்டும். கழுத்தில் காய்ந்த உப்புத் துகளொன்று உள்ளே விழுந்தால் அந்தப் போத்தல் போய்விட்டது. ஏன் மூன்று தரம் என்று தெரியுமா என முதல் பயணத்தில் மூத்தவர் ஒருவர் கேட்டார். அம்மா அப்படித்தான் செய்வார் என்று நாக்கு நுனி வரை வந்தது. பிறகு போத்தல்கள் ஆய்வுகூடத்தில் ஒரு நாள் முழுக்க இருந்து அறையின் சூட்டுக்கு வர வேண்டும். அதன் பிறகு அளவு. ஒரு கிலோ கடல் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அதில் இரண்டு மில்லிகிராம் வித்தியாசத்தை நாங்கள் தேடுகிறோம். ஆழ்கடலில் ஒரு தண்ணீரையும் இன்னொரு தண்ணீரையும் பிரித்துச் சொல்வது அவ்வளவு சின்ன வித்தியாசம்தான். கருவியை மட்டும் நம்பியிருந்தால் மாதக்கணக்கில் அதன் அளவு மெல்லச் சறுக்கிவிடும். போத்தலில் பிடித்த தண்ணீர்தான் அதைப் பிடித்து நிறுத்தும்.

இவ்வளவையும் பெரியப்பாவிடம் விளக்கினேன். அலசுவது, துடைப்பது, காற்றுப் படாமல் மூடுவது, யார் எப்போது எந்த இடத்தில் எடுத்தது என்று எழுதி வைப்பது. அவர் வலையை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தீர்த்தம் எடுக்கிற மாதிரி என்று சொல்."

"ஏறக்குறைய."

"அப்படி முதலே சொல்லியிருக்கலாமே. நானும் நீ ஏதோ வெட்டி வேலை பார்க்கிறாய் என்று நினைத்துவிட்டேன்."

வன்னிக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. வற்றாப்பளை கண்ணகி அம்மனுக்கு வைகாசி விசாகத்தில் பொங்கல். அதற்கு முன் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல் நீர் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவந்து, அந்த உப்பு நீரில் விளக்கேற்றுவார்கள். பொங்கலன்று அது வற்றாப்பளைக்குப் போகும், நந்திக்கடலின் கரைக்கு. குடம் வருகிற வழியெங்கும் வாசலில் நிறைகுடம் வைத்துச் சனம் காத்து நிற்கும். கடல் நீரை அவ்வளவு பக்குவமாகக் கையாளும் ஆட்களை நான் கப்பலிலும் இங்கேயும்தான் பார்த்திருக்கிறேன். உப்பு நீரில் விளக்கு எரியுமா என்று கூட வேலை செய்யும் ஒருவன் என்னைக் கிண்டினான். எரிகிறது, சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன் என்றேன். அதற்கு மேல் பேச எனக்கு விருப்பமில்லை. எல்லா இடத்துக்கும் மீட்டரைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்பது என் கட்சி.

உறைபனியில் தண்ணீர் பிடிப்பதில் உள்ள சிக்கல், தண்ணீர் பிடிக்கும்போதே உறைவது. இது சிரிப்பாகத் தோன்றலாம். கிரீன்லாந்துக்கும் ஸ்வல்பார்டுக்கும் இடையே உள்ள ஃபிராம் நீரிணையில் என் முதல் குளிர்காலப் பயணம். காற்று மைனஸ் 22. கடலுக்குள் இருக்கும்வரை கருவிக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் தண்ணீர் மைனஸ் இரண்டுக்குக் கீழே போகாது. அந்தக் கடலே எங்களுக்குக் கதகதப்பான இடம். வெளியே எடுத்த பிறகுதான் ஓட்டம். சூடேற்றிய கூடத்துக்குள் சில நிமிடத்தில் இழுத்துவிட வேண்டும். அன்று கூடத்தின் கதவுப் பாதையில் கட்டியிருந்த பனியைத் தட்டிவைக்க வேண்டியது நான். மறந்துவிட்டேன். கதவு பாதியில் நின்றது. நாங்கள் சுத்தியலோடு அதை அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், மின்கடத்துதிறன் அளக்கும் கண்ணாடிக் குழாய்க்குள் தங்கியிருந்த கொஞ்சத் தண்ணீர் உறைந்து விரிந்தது. "டிக்" என்று ஒரு சத்தம். தேத்தண்ணீர்க் கோப்பைக்குள் சுடுதண்ணீர் ஊற்றும்போது கேட்குமே, அந்தச் சத்தம். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்று தூங்கியிருப்பேன்.

பனி எப்படிப் பிடிக்கிறது என்று பார்ப்பதுதான் இந்த வேலையில் எனக்கு அலுக்காத காட்சி. கடல் ஒரேயடியாக உறைவதில்லை. முதலில் ஊசி ஊசியாகப் படிகங்கள் மிதக்கும். அவை சேர்ந்து, ஆறிய கஞ்சியின் மேல் ஆடை படிவதைப் போலக் கடல் மங்கும். அலை மெதுவாகும், சத்தம் குறையும். அலை அந்த ஆடையை உடைத்து வட்ட வட்டமாக்கும். வட்டங்கள் ஒன்றோடொன்று முட்டி முட்டி விளிம்பு உயரும். கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் அப்பம். நடுவில் மெத்தென்று, ஓரம் சுருண்டு, சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்ததைப் போல. கூட இருந்தவர்கள் அவரவர் நாட்டுப் பலகாரத்தின் பெயரைச் சொன்னார்கள். ஓரம் சுருண்ட பலகாரம் எங்களிடம்தான் இருக்கிறது என்று நான் வாதாடி வென்றேன்.

அந்த அப்பத்தில் உப்பு குறைவு. தண்ணீர் உறையும்போது உப்பைத் தன்னோடு சேர்க்காது, தள்ளிவிடும். இதை நான் படித்தபோது நினைத்தது ஆனையிறவை. அம்மம்மாவின் தம்பி போருக்கு முன் அங்கே உப்பளத்தில் வேலை செய்தவர். பாத்தியில் தண்ணீரை வெயில் கொண்டுபோகும், உப்பு நிலத்தில் நிற்கும், மிஞ்சிய கசப்புத் தண்ணீரை வடித்துவிடுவார்கள் என்று கதை கதையாகச் சொல்வார். துருவத்தில் வெயில் செய்வதைக் குளிர் செய்கிறது. தண்ணீரைப் பனி கொண்டுபோகிறது. உப்பு கடலில் நிற்கிறது. வித்தியாசம், பாத்திக்கு அடியில் நிலம் இருக்கிறது, அங்கே இல்லை. உப்பேறிய அந்தக் குளிர்நீர் பாரம் கூடிக் கீழே இறங்குகிறது. அந்தாட்டிக்காவின் கரைத் திட்டுகளில் இப்படிச் சேரும் தண்ணீர் சரிவு வழியாக வழிந்து, ஆழ்கடலின் அடியில் படர்ந்து, வடக்கு நோக்கி ஊர்ந்து போகிறது. நூற்றாண்டுக் கணக்கான பயணம். இந்தியப் பெருங்கடலின் அடி அதனால்தான் குளிர்ந்திருக்கிறது. வங்காள விரிகுடாவின் அடியும் அப்படித்தான்.

அடுத்த நாள் பின்னேரம் பெரியப்பாவிடம் இதைத்தான் சொன்னேன். திருகோணமலைக்கு வெளியே கடல் மூவாயிரம் மீட்டரைத் தாண்டி விழுகிறது. மேலே தண்ணீர் 29 பாகை, அடியில் ஒன்றோ இரண்டோ. அந்தக் குளிர் இங்கே உண்டானதல்ல, நான் வேலை செய்கிற பக்கத்திலிருந்து வந்தது.

அவர் நம்பாமல் இல்லை. வாடைக் காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே ஓடும் நீரோட்டம் உப்புக் குறைந்த தண்ணீரை இழுத்து வருவது அவருக்குத் தெரியும். நாங்கள் அதைக் கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டிய நன்னீர் என்று படித்தோம், அவர் மீன் இறங்கும் ஆழத்தை வைத்துக் கண்டுபிடித்தார். தண்ணீர் தூர தேசத்திலிருந்து வரும் என்பது அவருக்குப் புதுச் சங்கதி அல்ல. அவருடைய கேள்வி வேறு.

"அவ்வளவு தூரத்திலிருந்து அது இங்கே வருகிறது என்றால், நீ ஏன் அங்கே போகிறாய்? இங்கே இருந்து பிடித்திருக்கலாமே."

அம்மாவும் இதையேதான் வேறு சொற்களில் கேட்பார்.

வருகிறது, ஆனால் முன்போல வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்றேன். கடந்த சில பத்தாண்டுகளாக அந்தாட்டிக்க அடிநீர் மெல்லச் சூடாகியும் அளவில் சுருங்கியும் வருவதாக எங்களைப் போன்றவர்கள் பிடித்த தண்ணீர் சொல்கிறது. 2023 செப்டம்பரில், பனி உச்சத்துக்கு வர வேண்டிய மாதத்தில், அந்தாட்டிக்கக் கடற்பனி செய்மதிப் பதிவுகள் தொடங்கிய பிறகு அதற்கு முன் கண்டிராத அளவுக்குக் குறைவாக இருந்தது. பாத்தி சுருங்கினால் உப்பு எங்கே?

பெரியப்பாவோடு எனக்கு முழுதாக ஒத்துப்போன விஷயம் ஒன்று உண்டு. கடலில் விட்டுவந்த சாமான் திரும்பக் கிடைக்காத துக்கம். நாங்கள் ஆண்டு முழுவதும் ஓரிடத்தில் நிற்க முடியாது என்பதால், கருவிகளை நீளக் கயிற்றில் கோத்து, அடியில் நங்கூரமும் மேலே மிதவைகளுமாகக் கடலுக்குள் நிறுத்திவிட்டு வருவோம். நங்கூரத்துக்குப் பெரும்பாலும் பழைய ரயில் சக்கரம், மலிவு, பாரம். ஓராண்டோ ஈராண்டோ கழித்து அதே இடத்துக்குப் போய் மேலிருந்து ஒலியால் கூப்பிட்டால், அடியில் உள்ள கொளுவி நங்கூரத்தைக் கைவிடும். மிதவைகள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வரும். இதைச் சொல்லும்போதே பெரியப்பா சிரித்தார். "சண்டைக் காலத்தில் எங்கள் தண்டவாளம் பதுங்குகுழிக்குப் போனது. அவர்களுடைய சக்கரம் கடலுக்குப் போகிறதா?"

வெடல் கடலில் ஒரு தடவை கூப்பிட்டோம். கீழேயிருந்து பதிலும் வந்தது. நங்கூரம் விட்டுவிட்டது என்று ஒலி சொன்னது. ஆனால் மேலே அப்போது பனி மூடிக் கிடந்தது. எங்கோ ஒரு தட்டுக்கு அடியில் மிதவைகள் வந்து முட்டி நிற்கின்றன. எந்தத் தட்டு? கப்பலால் இடித்து இடித்து ஒன்பது மணித்தியாலம் தேடினோம். தட்டு உடையும் ஒவ்வொரு தரமும் மஞ்சள் நிறம் தெரிகிறதா என்று எல்லோரும் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தோம். கிடைக்கவில்லை. இரண்டு வருட அளவு, பனியோடு சேர்ந்து எங்கோ போய்விட்டது. தலைவர் "போகலாம்" என்று சொன்ன பிறகும் கப்பல் கொஞ்ச நேரம் நகரவில்லை.

பெரியப்பா ஊசியைக் கீழே வைத்தார். "வலை புதிதா?" என்று கேட்டார். வலை என்றுதான் கேட்டார், நான் திருத்தவில்லை. அவருடைய வலையை இழுவைப் படகு அறுத்துக்கொண்டு போன இரவுகள் பல. மறுநாள் அவர் கரையிலேயே நின்றிருப்பார், மிதவை ஏதாவது ஒதுங்குகிறதா என்று. 2004 டிசம்பருக்குப் பிறகும் அந்தக் கரையில் அப்படி நின்றார். அது வலைக்காக அல்ல. பெரியம்மா கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு பெரியப்பா என்னைத் தன் படகில் ஏற்றியதில்லை. பெண்பிள்ளை படகில் ஏறக் கூடாது என்பது அவருடைய சட்டம். இம்முறை கேட்டேன். அந்தாட்டிக்காவுக்குப் போய்வந்தவள், ஒரு மைல் தூரம் கூட்டிப்போகக் கூடாதா? "காற்று சரியில்லை" என்றார். தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று அடிக்கிற காலம். எங்கள் பக்கம் கடல் குளம் போலக் கிடந்தது. இருவரும் அதைப் பார்த்தோம். அவர் மறுபடி "காற்று சரியில்லை" என்றார்.

ஒருவகையில் நல்லதுதான். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. கேப்டவுனை விட்டுத் தெற்கே இறங்கினால் நாற்பதாவது அகலக்கோட்டிலிருந்து தொடங்கும் அலையில் நான் மூன்று நாள் படுக்கை. நான்கு தலைமுறை கடல் குடும்பத்தில் பிறந்தவள் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கும் காட்சியைப் பெரியப்பா பார்க்காமல் இருப்பதே மேல். பனிக்குள் நுழைந்ததும் அலை அடங்கிவிடும். அப்போது எழுந்து வேலைக்குப் போவேன். நான் துருவக் கடலைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று வேலைக்கான நேர்முகத்தில் சொல்லவில்லை.

இந்த விடுமுறையில் சூட்கேசில் ஒரு சின்ன மின்கடத்துமானியும் வந்திருந்தது. பேனை அளவு, தண்ணீரில் நுனியைத் தோய்த்தால் எண் காட்டும்; எண் கூடினால் உப்பும் கூட. கடல் பொங்கிய பிறகு எங்கள் பக்கத்துக் கரையோரக் கிணறுகள் உப்பாகிப்போனதும், சிலது தேறி, சிலது தேறாமல் கிடப்பதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அம்மாவுக்காக எங்கள் வீட்டுக் கிணற்றைப் பார்த்தேன். 640 என்றது. நல்லது என்றேன். பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை விறாந்தைக்கு வந்தால் முற்றத்தில் ஆறேழு பேர் போத்தல்களோடு நிற்கிறார்கள். சோடாப் போத்தல், எண்ணெய்ப் போத்தல், ஒரு அண்ணர் கையில் பால் கான். பத்து மணிக்குள் வரிசை படலையைத் தாண்டிவிட்டது. ஆள் போய் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்காகப் போத்தலை மட்டும் வரிசையில் வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு போத்தலுக்கு முன்னால் ஒரு கல்லும் இருந்தது. நான் ஒரு கதிரையைப் போட்டு, கொப்பியில் கோடு கிழித்து, பெயர், கிணறு இருக்கும் இடம், எப்போது அள்ளியது என்று எழுதத் தொடங்கினேன். எண்ணெய் வாடையடித்த போத்தல்களைத் திருப்பி அனுப்பினேன். அந்தத் தண்ணீராலேயே மூன்று தரம் அலசிவிட்டுப் பிடித்துவரச் சொன்னேன். "மூன்று தரமா?" என்று ஒரு அக்கா அலுத்துக்கொண்டார். உள்ளேயிருந்து அம்மா, "அவள் சொன்னபடி செய், பிள்ளை" என்று குரல் கொடுத்தார். ஒரு பெடியன் இளநீர் கொண்டுவந்து தோய்க்கச் சொன்னான். தோய்த்தேன்; எண் பயங்கரமாக ஏறியது. எல்லோரும் சிரித்தார்கள், அவன் மட்டும் தன் தென்னைமரத்துக்காக வருத்தப்பட்டான். இளநீர் அப்படித்தான் என்று சொல்லிச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

வீதிக்கு இந்தப் பக்கக் கிணறுகள் அறுநூறு, எண்ணூறு. கடல் பக்கம் இரண்டாயிரம், மூவாயிரம். ஒரு கிணறு மட்டும், கடலுக்கு மிகக் கிட்டத்தில் இருப்பது, ஐந்நூறு காட்டியது. நம்பாமல் இன்னொரு போத்தல் கேட்டேன். அதுவும் ஐந்நூறு. "அது அந்தக் காலத்திலேயே நல்ல ஊற்று" என்று வரிசை முழுக்க ஒரே குரலில் சொன்னது, எனக்கு மட்டும்தான் இது செய்தி என்பதைப் போல.

பதினொரு மணியளவில் வரிசையின் வாலில் பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். முன்னால் வாருங்கள் என்று கூப்பிட்டேன். கையசைத்து மறுத்துவிட்டார். முறை வந்ததும் பழைய சாராயப் போத்தலொன்றை நீட்டினார். வெளிக்கழுத்தைச் சாரத்தால் துடைத்திருந்தார்.

"எந்தக் கிணறு?"

"கிணறில்லை. விடிய வலை வாங்கும்போது எடுத்தது. மூன்று தரம் அலசினேன்."

நுனியைத் தோய்த்தேன். கிணற்றுத் தண்ணீருக்கு என்று செய்த மீட்டர் அது. எண் ஓடி ஓடிப்போய் மறைந்து, திரையில் ஒரு கோடு மட்டும் நின்றது.

"என்ன சொல்கிறது?"

"அளவுக்கு மேலே உப்பு என்கிறது."

"அதைச் சொல்ல ஒரு மெஷின்" என்றார். ஆனால் போகவில்லை. கொப்பியைக் காட்டி, "எழுது" என்றார். எழுதினேன். பெயர், இடம், நேரம். எவ்வளவு ஆழத்தில் என்று கேட்டேன்.

"கைக்கு எட்டிய ஆழம்."

அதையும் எழுதிவிட்டு அடுத்த போத்தலை வாங்கினேன்.